சுகரும் தூங்கும் காசநோயும்: இனத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

சுகருக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை இனவாரியாகப் பார்க்கும் அமெரிக்க ஆய்வுகளில் 'ஆசியர்' என்று ஒரு கட்டம் வரும். மதுரையில் அறுபது வயது வரை வாழ்ந்துவிட்டு மகனோடு நியூ ஜெர்சிக்குப் போன தாத்தாவும் அதற்குள்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த பேத்தியும் அதற்குள்தான். இருவருக்கும் சுகர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்குள் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றாக இருக்காது.

இனத்தையே காரணமாக எடுத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் நடக்கிற பெரிய தவறு. அமெரிக்காவில் ஆசியரிடம் மறைநிலைத் தொற்று, அதாவது கிருமி நோயாக மாறாமல் உடம்புக்குள் தூங்கும் நிலை, வெள்ளையரைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கிருமி பரம்பரையாக வருவதில்லை, காற்றில் வருகிறது. எந்த ஊரில், எத்தனை பேர் புழங்கிய வீட்டில், எத்தனை வருடம் மூச்சுவிட்டோம் என்பதுதான் கணக்கு. அந்நாட்டில் காசநோய் வருபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அங்குள்ள தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016இல் யாருக்குப் பரிசோதனை என்று சொன்னபோதும், நோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தவர்கள், வாழ்ந்தவர்கள், சிறை போன்ற நெரிசலான இடங்களில் இருந்தவர்கள் என்றுதான் சொன்னது.

சுகர் விஷயத்தில் இனத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆசியருக்குக் குறைந்த எடையிலேயே அது வந்துவிடுகிறது. அதனால் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இல் அவர்களைச் சோதிக்கத் தொடங்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை) அளவை 25இலிருந்து 23ஆகக் குறைத்தது. அப்புறம் இரண்டு நோயுமே வயதோடு கூடுபவை. வயதையும் பிறந்த நாட்டையும் பிரித்துப் பார்க்காமல் படித்தால், ஒன்று மற்றொன்றை இழுத்து வந்ததுபோலத் தோன்றும்.

அடுத்த தவறு, தொற்றையும் நோயையும் ஒன்றாகப் பேசுவது. சுகர் உள்ளவருக்கு மறைநிலைத் தொற்று இருக்கும் வாய்ப்பு மற்றவரைவிடச் சற்றுத்தான் கூடுதல். காசநோயாளியாகும் வாய்ப்போ ஏறக்குறைய மூன்று மடங்கு. தூங்கும் கிருமியை அடக்கி வைக்கிற காவலைச் சர்க்கரை தளர்த்திவிடுகிறது. மறைநிலையில் இருப்பவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைப்பது வீண் வேலை.

'சிறுவயதில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டாச்சு, எனக்கு வராது' என்பார்கள். 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய மாபெரும் ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. அதே பிசிஜி, கையில் போடும் மாண்டூ பரிசோதனையைத் தவறாகப் பாசிட்டிவ் காட்டவும் வைக்கலாம். ஊசி போட்டவர்களுக்கு இக்ரா எனும் இரத்தப் பரிசோதனை மேல்.

அதற்காகச் சுகர் உள்ள எல்லோரும் லேபுக்கு ஓட வேண்டியதில்லை. சுகர் மட்டுமே காரணமாக எல்லோரையும் மறைநிலைத் தொற்றுக்காகச் சோதிக்க உலக சுகாதார நிறுவனமே சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் அது வேறு கதை.

தூங்கும் கிருமி விழிக்காமல் இருக்கத் தடுப்பு மாத்திரை தொடங்கினால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரைகளைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லாமலே சுகர் ஏறும். 'வாயைக் கட்டவில்லை' என்று வீட்டில் திட்டு விழும். இன்னொரு மாத்திரையான ஐசோனியசிட் கால் எரிச்சல் தரலாம். அது சுகரால் வரும் எரிச்சல்தான் என்று விட்டுவிடுவது சகஜம். அதைத் தடுக்க பி6 வைட்டமின் மாத்திரை சேர்த்துத் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்பதில் தப்பில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நோய் ஏற்கெனவே விழித்துவிட்டதா என்று பார்க்காமல் தடுப்பு மாத்திரை கொடுப்பது. உண்மையான காசநோய்க்கு ஒற்றை மருந்து போனால் கிருமி அதற்குப் பழகி, எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். இக்ராவும் மாண்டூவும் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று சொல்லாது. எக்ஸ்ரேயில் வழக்கமாக நுரையீரலின் மேற்பகுதியில் தெரியும் காசநோய் நிழல், சுகர் உள்ளவர்களுக்குக் கீழ்ப்பகுதியிலும் வரலாம். எக்ஸ்ரே பார்ப்பவர் சாதாரண நிமோனியா என்று நினைத்துவிட இடமுண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறக்கம் இருந்தால் முதலில் சளியைச் சோதிக்க வேண்டும்.