'சாக்கு' என்றால் போதும்: பந்தாஜே அருவிக்கு நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளி இரவு, பெங்களூரு மெஜஸ்டிக்கில் தர்மஸ்தலா பஸ் ஏறினோம். ஆறு பேர். அல்சூரிலிருந்து நான்கு பேர், ஒயிட்ஃபீல்டு ஆபீஸ் நண்பர் ஒருவர், அப்புறம் தென்காசியிலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்த என் சித்தி மகன். முதல் தவறு அந்த பஸ்ஸிலேயே நடந்துவிட்டது. மலைப்பாதை வளைவுகளில் யாரும் தூங்கவில்லை. தூங்காத உடம்போடுதான் காலையில் ஏற ஆரம்பித்தோம். முடிந்தால் ஒரு நாள் முன்னால் போய் உஜிரே பக்கம் தங்கிவிடுங்கள். லீவு இல்லை என்பீர்கள், தெரியும்.

பந்தாஜே அர்பி இருப்பது தட்சிண கன்னடத்தின் பெல்தங்கடி தாலூகாவில், சார்மாடி காட் பகுதியில். நேத்ராவதியில் போய்ச் சேரும் ஓர் ஓடை அங்கே சுமார் 200 அடி விழுகிறது. துளுவில் அர்பி என்றாலே அருவிதான், நம் சொல்லுக்கு உடன்பிறப்பு. குடகில் இருக்கும் அப்பி அருவியின் பெயரும் அதே குடும்பம். ஆகவே 'அர்பி ஃபால்ஸ்' என்பது நம் ஊர் 'நடுசென்டர்' மாதிரி.

குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போவது அடுத்த தவறு. சித்தி மகன் துண்டும் எண்ணெயும் கட்டிக்கொண்டு வந்திருந்தான். இந்த வழி அருவியின் அடிக்குப் போவதில்லை, தலைக்குப் போகிறது. தண்ணீர் பாறை விளிம்பில் இருந்து கீழே பாய்கிற இடத்தில் போய் நிற்பீர்கள். அங்கே எண்ணெய்க் குளியல் கிடையாது. பாசி படிந்த பாறையில் செல்ஃபிக்காக இன்னும் இரண்டடி முன்னால் போகிற வேலையும் வேண்டாம்.

கிலோமீட்டரை மட்டும் பார்ப்பவர்களும் ஏமாறுவார்கள். ஒரு வழிக்கு ஏழெட்டுதானே, கப்பன் பார்க்கில் தினமும் நடக்கிறோமே என்றுதான் நாங்களும் நினைத்தோம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அருவி இருப்பது சுமார் 700 மீட்டர் உயரத்தில், நாம் தொடங்குவதோ அடிவாரத்தில். கணக்குப்படி இரண்டரை மணி நேரம் வரும். அது நல்ல பாதையில் நடந்து பழகியவர்களுக்கு. வேர்களும் வழுக்கலும் உள்ள காட்டில், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நமக்கு அதை இரண்டால் பெருக்குங்கள். காடு முடிந்ததும் புல்வெளிச் சரிவு, ஒரு மரநிழல் கிடையாது. பெரும்பாலோர் சுருண்டுபோவது அங்கேதான்.

தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஓஆர்எஸ் கொண்டுவந்தால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கான பொடியைச் சின்ன பாட்டிலில் கொட்டிக் குடிப்பது உதவாது, கெடுதல். ஜீன்ஸ் வேண்டாம். அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்த ஷூ வேண்டவே வேண்டாம். கால் நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள், இறங்கும்போது அருமை தெரியும்.

இனி எங்களுடைய பெரிய தவறு. பன்னிரண்டரை மணிக்குப் புல்வெளியில் நின்று கைடு அண்ணா மேலே முகட்டைப் பார்த்தார். கறுத்திருந்தது. "சாக்கு, வாபஸ் ஹோகோணா" என்றார். சித்தி மகன் என் காதில், "சாக்கு சொல்றாரு பாருங்கண்ணே" என்றான். கன்னடத்தில் சாக்கு என்றால் 'போதும்', வாபஸ் ஹோகோணா என்றால் 'திரும்பிப் போகலாம்'. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நானும் சேர்ந்துகொண்டு, "அண்ணா, அரை மணி நேரம்தானே" என்று கெஞ்சினேன். நம்மிடம் கூலி வாங்குகிறவரால் எத்தனை முறை முடியாது என்று சொல்ல முடியும்? மூன்றாம் முறை தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

மேலே பத்து நிமிடம் நின்றோம், அழகுதான். எங்கள் மேல் ஒரு தூறல்கூட விழவில்லை. ஆனால் காலையில் முழங்கால் அளவில் கடந்த ஓடை, திரும்பும்போது தொடையைத் தாண்டி ஓடியது. நிறம் கலங்கி, சருகும் சுள்ளியும் வந்துகொண்டிருந்தன, சத்தமும் மாறியிருந்தது. மேலே எங்கோ பெய்திருக்கிறது என்பதற்கு இவைதான் அடையாளம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கைடு எங்களைக் கரையில் உட்கார வைத்தார். ஒன்றரை மணி நேரம். யாரும் பேசவில்லை. குற்றாலத்தில் அருவி முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவை, அந்த ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள் என்று சித்தி மகன்தான் மெதுவாகச் சொன்னான். அவ்வளவு காவல் இருக்கும் ஊரிலேயே, 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது. காட்டில் ஆர்ச் இல்லை, விசில் ஊத போலீஸ் இல்லை, அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் கைடு. அதனால் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை ஏறுவதற்கு முன்பே அவரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். மேலே போனபிறகு பேரம் பேசாதீர்கள்.

அட்டைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது ரத்தம் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும். பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்தில் நகர்த்தினால் போதும், ரத்தம் கொஞ்ச நேரம் கசிந்து நிற்கும். கவனிக்க வேண்டியது உண்ணி. மலைநாட்டுக் காடுகளில் 'மங்கன காயிலெ' என்கிற குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது அதுதான். 1957-இல் ஷிமோகா பக்கத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டதால் அந்த ஊர்ப் பெயரும் அதற்கு உண்டு. டிசம்பர் முதல் மே வரைதான் அதன் காலம், மழை இல்லை என்று நாம் தைரியமாகக் கிளம்பும் அதே மாதங்கள். செத்த குரங்கைக் கண்டால் அருகே போகாதீர்கள். திரும்பியதும் அக்குள், காதின் பின்புறம், இடுப்பு மடிப்பு என்று தேடிப் பாருங்கள். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், பெங்களூரு டாக்டர் டெங்கு டெஸ்ட் எழுதும் முன், காட்டுக்குப் போய் வந்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள்.