தாலுகா ஆபீஸுக்குப் போகும் முன் கடலுக்குப் போங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் லீவில் வரும்போது ராமேசுவரம், தனுஷ்கோடி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று ஒரு சுற்று போட ஆசைப்படுவது வழக்கம். நம் பக்கம் ஒகேனக்கல்லும் கே.ஆர்.பி. அணையும்தானே, பிள்ளைகள் கடலைப் பார்க்கட்டும் என்று. தாராளமாகப் போங்கள். ஆனால் ஊரில் நில வேலை ஏதாவது பாக்கி இருந்தால், கடலை முடித்துவிட்டு அதைத் தொடுங்கள்.

எங்கள் லீவை நில வேலைதான் விழுங்கியது. அப்பா போன பிறகும் நிலம் அவர் பெயரிலேயே கிடந்தது. வந்து இறங்கிய மறுநாளே சித்தப்பா, "நீ இருக்கும்போதே பட்டாவை மாத்திடலாம்பா, அப்புறம் உன்னை எங்க போயி பிடிக்கிறது?" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாயே வரவில்லை. அப்பாவின் காரியத்துக்கே கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவன் நான்.

பட்டா மாற்ற முதலில் வாரிசுச் சான்று வேண்டும். அதற்கு விஏஓவும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்.ஐ.யும் (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து எழுத வேண்டும், பிறகு தாசில்தார் கையெழுத்து. நாங்கள் போனது ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும் சமயம். மே, ஜூனில் வருகிறவர்கள் இதை மறக்காதீர்கள், மொத்த ஆபீஸும் அதில்தான் இருக்கும். அது முடிந்ததும் பெயர்ச் சிக்கல். பட்டாவில் அப்பா பெயரோடு சாதிப் பெயர் ஒட்டியிருந்தது, இறப்புச் சான்றில் இல்லை. என் பாஸ்போர்ட்டில் இனிஷியல் முழுப் பெயராக விரிந்திருந்தது, ரேஷன் கார்டில் ஒற்றை எழுத்து. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று எழுதி வாங்க மறுபடி அலைச்சல். ஒரிஜினல்களை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, வேப்பமரத்தடித் திண்டில் அம்மா உட்கார்ந்திருப்பார். இத்தனை வயதுக்கும் கடலைப் பார்க்காதவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது, "நாளைக்காவது கிளம்பலாமா?" என்று மட்டும் கேட்பார்.

அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே பட்டா, சிட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசு இணையதளங்களில் எடுத்து, பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வர முடியாதவர்கள், தங்கள் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் எழுதி அனுப்பலாம். அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்கள் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. உறவுக்காரர்களிடம் எந்தத் தேதியில் ஆபீஸுக்கு வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான், நாம் இல்லாத நாளெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.

மிச்சமிருந்த நேரத்தில் எங்களால் ராமேசுவரத்தை மட்டுமே தொட முடிந்தது. தருமபுரியிலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல். தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பகலிலேயே கடந்துவிடுங்கள், அங்கே விபத்து அதிகம். பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் நிற்கிறது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். கோயிலுக்குள் 22 தீர்த்தம் ஆடும் இடத்தில் கல் தளம் எப்போதும் ஈரம். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குக் கோயிலுக்கு எதிரே கடலில் உள்ள அக்னி தீர்த்தமே போதும். ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள், கால் வைக்க இடமிருக்காது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு, அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை உண்டு. காலையிலேயே போங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, நினைத்த தீவில் இறங்க முடியாது. மண்டபம் பக்கம் குருசடைத் தீவுக்கு வனத்துறை ஏற்பாட்டில் படகு உண்டு, காற்று அடித்தால் அதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நல்ல மீன் கிடைப்பது அரிது. கன்னியாகுமரியிலும் கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். படகு ஓடினால் அங்கிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலத்திலேயே நடந்து போகலாம். திரும்ப 44-ஆம் எண் நெடுஞ்சாலை நேராக நம் ஊர் வரை வருகிறது. பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஓட்டாமல், இரவு மதுரையில் தங்கிவிட்டு வாருங்கள்.