வட்டிக் கழிவை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் பயிற்சி) செய்யும் பையன் ஒரு திட்ட அறிக்கை எழுதிக்கொண்டு வந்தான். அரிசி ஆலைக் கம்பெனி ஒன்று இயந்திரம் வாங்க வேண்டும். பங்கு கொடுத்துப் பணம் திரட்டுவதா, வங்கிக் கடனா என்பது கேள்வி. 'வட்டி வரியில் கழியும், ஈவுத்தொகை கழியாது. ஆகவே கடனே மேல்' என்று முடித்திருந்தான். அதாவது வட்டியை லாபத்திலிருந்து கழித்துவிட்டு மீதிக்குத்தான் கம்பெனி வரி கட்டும்; பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஈவுத்தொகையை அப்படிக் கழிக்க முடியாது. 2014-ல் இதே கும்பகோணத்தில் உட்கார்ந்து நானும் அந்த வாக்கியத்தைத்தான் எழுதினேன்.

கழிவு எப்போதும் கிடைக்கும் என்று நம்புவது

அப்போது மன்னார்குடிப் பக்கத்துப் புழுங்கல் அரிசி ஆலைக்காரர் ஒருவர் புது டிரையரும், நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டரும் போட நினைத்தார். அவர் மைத்துனர் பங்காகப் பணம் போடத் தயாராக இருந்தார். நான்தான் தடுத்தேன். 2 கோடி கடன், 13 சதவீத வட்டி, ஆண்டுக்கு 26 லட்சம். அன்றைய வரி செஸ் என்னும் கூடுதல் வரியோடு ஏறத்தாழ 31 சதவீதம். அதனால் 8 லட்சம் மிச்சம் என்று காட்டினேன். மீதி 18 லட்சம் கைக்காசு என்பதை அழுத்திச் சொல்லவில்லை. அசலுக்குக் கழிவே கிடையாது என்பதையும் சொல்லவில்லை.

2016-ல் மேட்டூர்த் தண்ணீர் செப்டம்பரில்தான் வந்தது. பிறகு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. சம்பா கருகியது. "சார், வட்டி கட்டலாம்னா ஆலைக்கு நெல்லு வரணுமே" என்றார் ஆலைக்காரர். லாபம் இல்லையென்றால் வரி இல்லை. வரி இல்லாத ஆண்டில் கழிவால் மிச்சப்பட என்ன இருக்கிறது? நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று பிந்தைய லாபத்தில் கழிக்கலாம்தான். ஆனால் வங்கிக்கு இந்த மாதமே பணம் வேண்டும். மைத்துனரின் பங்குப் பணமாக இருந்தால் அடுத்த வெள்ளாமை வரை காத்திருந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. பாக்கி வட்டியை வங்கி புதுக் கடனாக மாற்றிக் கொடுத்தது. அதைக் கட்டிய வட்டியாக எழுதலாம் என்று எண்ணினோம். ஆடிட்டர்கள் 43பி என்று சொல்லும் விதி இடித்தது: வங்கி வட்டி உண்மையில் கட்டிய ஆண்டில்தான் கழியும், கடனாக மாற்றியது கட்டியதாகாது. நஷ்டக் கணக்கில்கூட அது சேரவில்லை. கடைசியில் ஒரு வேலி (ஏறத்தாழ ஆறரை ஏக்கர்) நிலத்தை விற்றுத்தான் கடனை அடைத்தார். அந்த நிலத்தைத் தாண்டிப் போகும்போது இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

1963-ல் பொருளியல் அறிஞர்கள் மோடிக்லியானியும் மில்லரும் வட்டிக் கழிவு கம்பெனியின் மதிப்பைக் கூட்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கில் கழிவு ஆண்டுதோறும் நிச்சயமாகக் கிடைக்கும். ஆற்றுத் தண்ணீரை நம்பி ஓடும் ஆலைக்கு அந்த நிச்சயம் எங்கே? மோசமான இரண்டு ஆண்டுகளிலும் லாபம் வட்டியைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். வரிக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

பழைய வரி விகிதத்தில் கணக்குப் போடுவது

2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்குப் புதிய வரித் திட்டம் வந்தது. சில சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிக்கு அடிப்படை வரி 22 சதவீதம். சர்சார்ஜ் என்னும் மேல்வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.168. வரி குறைந்தால் வட்டிக் கழிவின் மதிப்பும் குறையும். 100 ரூபாய் வட்டிக்கு இப்போது மிச்சம் 25 ரூபாய்தான்.

ஈவுத்தொகைக்குக் கம்பெனியே வரி கட்டும் என்று நினைப்பது

அது 2020 மார்ச்சோடு போயிற்று. இப்போது பெறுபவர் தன் விகிதத்தில் கட்ட வேண்டும்.

முதலாளி தன் பணத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டு டிடிஎஸ் மறப்பது

30 சதவீத வரம்பில் இருக்கும் முதலாளிக்குப் பங்கைவிடக் கடன் லாபம், உண்மைதான். ஈவுத்தொகை கம்பெனியிடம் ஒரு முறையும் அவரிடம் ஒரு முறையும் வரிக்கு உட்படும். வட்டி அவரிடம் மட்டும். ஆனால் வட்டி கொடுக்கும்போதே கம்பெனி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரியான டிடிஎஸ்ஸைப் பிடிக்காவிட்டால் அந்த வட்டியில் 30 சதவீதம் செலவாக ஏற்கப்படாது.

அந்தக் கடனை ரொக்கமாகக் கொடுப்பது

20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.