கடல் கயாக் மீன்பிடிப் போட்டி: எல்லைக்கோடும் இறங்குதுறையும் குறிப்பது எப்படி?

கயாக் என்னும் ஒடுங்கிய சிறு துடுப்புப் படகில் மீன்பிடிப் போட்டி நடத்த முன்வரும் பலரும் முதல் வேலையாகக் கடல் வரைபடத்தை விரித்து, மீன் கிடைக்கும் பார்கள் (கடலடிப் பாறைத்திட்டுகள்) எங்கே என்று தேடி, அவற்றைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். பிறகு அதற்குப் பக்கத்தில் கார் நிறுத்த வசதியான கரையைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். பாதுகாப்பாகக் கரையேறக்கூடிய இடம் முதலில், அங்கே திரும்பி வர ஆகும் நேரம் அடுத்து, மீன் கடைசியில்.

படி 1: திரும்பும் வேகத்திலிருந்து தொடங்குங்கள்

ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். சாமான் ஏற்றிய மீன்பிடி கயாக்கைச் சராசரி ஆள் துடுப்புப் போட்டால், அமைதியான நீரில் சுமார் 3 நாட் வேகம் வரும். பெடல் கயாக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் 15 நாட் எதிர்க்காற்று கிளம்பிவிட்டால் இந்த வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும், அதுவும் ஆறு மணி நேரம் மீன் பிடித்துக் களைத்த பிறகு. ஆகவே திட்டமிடும்போது 1.5 நாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து அந்தப் பகுதியின் எதிர் நீரோட்டத்தைக் கழியுங்கள். 0.5 நாட் நீரோட்டம் என்றால் மிஞ்சுவது 1 நாட். திரும்ப அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம்தான் ஆகலாம் என்று வரம்பு வைத்தால், எல்லை கரையேறும் இடத்திலிருந்து 1.5 கடல் மைலில் நிற்க வேண்டும். நீரோட்டம் 1 நாட் ஆனால் அதே கணக்கு முக்கால் மைலுக்குச் சுருங்கிவிடும். 'மூன்று மைல் வைக்கலாம், எல்லோரும் அனுபவசாலிகள்' என்ற பேச்சு கட்டாயம் வரும். 1 நாட் எதிர் நீரோட்டத்தில் அந்த மூன்று மைலைக் கடக்க 6 மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் அதிக ஆபத்து. கரையோரம் நிலத்தின் மறைவில் தண்ணீர் சலனமில்லாமல் தெரியும். மறைவைத் தாண்டத் தாண்டக் காற்று வலுக்கும். கரையில் நிற்கும் நடுவருக்கு அது தெரியவே தெரியாது. திரும்ப வேண்டியவருக்கோ முழுக்க எதிர்க்காற்று.

படி 2: இறங்குதுறையைக் கரையேறும் கண்ணோடு பாருங்கள்

காலையில் இறங்குவது பெரும்பாலும் எளிது. பிற்பகலில் கடற்காற்று எழுந்து, அலை ஏறி, நீர்மட்டமும் மாறியிருக்கும்போது கரையேறுவதுதான் சோதனை. ஏற்ற வற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய நேரத்துக்கே திரும்பும். எனவே போட்டிக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, போட்டி முடியும் அதே மணிக்குப் போய்ப் பாருங்கள். குறைந்தது 20 நிமிடம் நில்லுங்கள். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'அமைதியான கரை' என்று எழுதிவிடக் கூடாது.

பார்க்க வேண்டியவை:

- சரிவு. செங்குத்தான கரையில் அலை ஒரே அடியாக ஆழமற்ற நீரில் விழும். கயாக்கின் மூக்கு மணலில் குத்தி, பின்பக்கம் தூக்கி, ஆளோடு கவிழும். மெல்லிய சரிவில் அலை தூரத்திலேயே உடைந்து நுரையாக உருண்டு வரும். கடக்கும் தூரம் கூடினாலும் புதியவர்களுக்கு இதுவே மேல்.
- அலை இடைவெளி. 6 வினாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலையும், 14 வினாடியில் வரும் ஒரு மீட்டர் அலையும் ஒன்றல்ல. இரண்டாவது கரையை நெருங்கும்போது இன்னும் உயர்ந்து, அதிக பலத்தோடு உடையும்.
- இழுவை நீரோட்டம். இருபுறமும் நுரை, நடுவில் மட்டும் அலை உடையாமல் கருத்த பட்டை. நல்ல வழி என்று தோன்றும். தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. சில வேளைகளில் வினாடிக்கு 2.5 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 5 நாட் வரை இழுக்கும். அதை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக் கரையேற முடியாது.
- ஆற்று முகத்துவாரம். நீர் வற்றும்போது வெளியே பாயும் வெள்ளமும் உள்ளே வரும் அலையும் மோதி, மணல்திட்டின் மேல் செங்குத்தாக உடையும். வற்றத்தின் ஆறு மணி நேரத்தில் 3, 4ஆம் மணிகளில் மட்டும் பாதி நீர் நகர்ந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் யாரையும் முகத்துவாரத்தில் விடாதீர்கள்.

போட்டியை மணலிலிருந்து தொடங்குவதே எனக்கு உடன்பாடில்லை. முந்தும் அவசரத்தில் அலை உடையும் பகுதியில் ஒன்றோடொன்று மோதுவார்கள். ஐந்து ஐந்து பேராக, இரண்டு நிமிட இடைவெளியில் இறக்குங்கள். 40 கயாக்குக்கு கால் மணி நேரம் போதும். எல்லோரும் அலைக்கு அப்பால் அமைதியான நீரில் கூடிய பிறகு அங்கே கொடியசைத்துத் தொடங்கலாம். இறங்கும் தடமும் ஏறும் தடமும் குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அலையைக் கடக்கும்போது தூண்டில் கம்பிகள் நிமிர்ந்து நிற்கக் கூடாது, படுக்கவைத்துக் கட்டியிருக்க வேண்டும். கொக்கிகள் பெட்டிக்குள் போய்விட வேண்டும். கவிழ்ந்தவர் உடலில் முதலில் ஏறுவது கொக்கிதான்.

படி 3: மாற்றுக் கரைகள்

இறங்குதுறைக்கு இரு பக்கமும், பக்கத்துக்கு ஒன்றாக, குறைந்தது இரண்டு. சாலை வசதி, பூட்டிய கதவு, சாவி யாரிடம் என்பது வரை நேரில் சரிபாருங்கள். அங்கே கரையேறியவர் தகுதி இழக்கமாட்டார் என்று விதியிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால், கையில் பரிசு மீனோடு இருப்பவர் மோசமான அலையிலும் பழைய இடத்துக்கே வரப் பார்ப்பார்.

படி 4: எல்லைக் கோட்டை வரைதல்

மிதவை போட்டு எல்லை காட்டலாம் என்பது பலரின் முதல் யோசனை. கயாக்கில் உட்கார்ந்தவரின் கண் நீர்மட்டத்திலிருந்து சுமார் 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கும். அவருக்குத் தொடுவானமே 3.4 கி.மீ.தான். ஒரு மீட்டர் அலை எழுந்தால் பக்கத்து மிதவையே மறைந்து மறைந்து தெரியும். மிதவையை இறங்குதடத்துக்கு வைத்துக்கொண்டு, எல்லையை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகக் கொடுங்கள். கோணல்மாணலான பலகோணம் வேண்டாம். நான்கு எண்கள் போதும்: வடக்கே இதைத் தாண்டாதே, தெற்கே இதை, கடல் பக்கம் இதை, கரைப்பக்கம் இதை. ஜிபிஎஸ் திரையில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிட வேண்டும்.

எண் எழுதும் முறையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 10° 30.50′ என்பது பத்து பாகை, முப்பதரை கலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). இதையே ஒருவர் 10° 30′ 50″, அதாவது முப்பது கலை ஐம்பது விகலை என்று கருவியில் போட்டால் புள்ளி 617 மீட்டர் வடக்கே நகர்ந்துவிடும். ஒரே முறையை அறிவித்து, ஜிபிஎக்ஸ் கோப்பாகவும் (ஜிபிஎஸ் கருவி நேரடியாகப் படிக்கும் கோப்பு) அனுப்பி, கூட்டத்தில் ஒவ்வொருவர் திரையிலும் ஒரு புள்ளியைச் சரிபாருங்கள். மின்கலம் தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்காகக் கரையில் இரண்டு அடையாளங்களையும் சொல்லிவையுங்கள்: உதாரணமாக, முன்னால் இருக்கும் கோபுரமும் பின்னால் இருக்கும் குன்றும் ஒரே நேர்கோட்டில் வந்தால் அதுவே வடக்கு எல்லை.

வடிவம் கரையோடு நீளமாக, கடலுக்குள் குறுகலாக இருக்கட்டும். பிற்பகல் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று பார்த்து, பகுதியின் பெரும்பங்கை இறங்குதுறைக்கு அந்தப் பக்கமாகத் தள்ளுங்கள். அப்போது களைத்தவர்களைக் காற்றே வீட்டுப் பக்கம் தள்ளும். இந்த ஒரு மாற்றம் மட்டும் பாதுகாப்புப் படகின் பாதி வேலையைக் குறைக்கும்.

உள்ளே விலக்க வேண்டிய இடங்கள் தனி. துறைமுக வாய்க்காலையும் கப்பல் பாதையையும் அரை கடல் மைல் தள்ளி விடுங்கள். கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972 சர்வதேச விதிகளின்படி, குறுகிய வாய்க்காலுக்குள் மட்டுமே பாதுகாப்பாகப் போகக்கூடிய கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைந்த கலங்கள் இடைஞ்சல் செய்யக் கூடாது. அடுத்து, மூழ்கிய பாறைகள். நீரின் ஆழம் அலை உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடையும். முன்னறிவிப்பில் வரும் அலை உயரம், எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை அதைப் போல் இரு மடங்கு வரை எழலாம். 1.5 மீட்டர் என்று சொன்னால் 3 மீட்டர் அலை ஒன்று வரக்கூடும், அது 4 மீட்டர் ஆழப் பாறையில் உடையும். மணிக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு முறை உடையும் இந்த இடங்களில்தான் மீனும் சேரும், கயாக்கும் சேரும். அவற்றைச் சுற்றி 200 மீட்டர் விலக்கு வையுங்கள். வலை விரிக்கும் இடங்களும் உடையும் பாறைகளும் அந்தக் கரையின் மீனவர்களுக்கு வரைபடத்தைவிட நன்றாகத் தெரியும். கோடு இறுதியாகும் முன்பு அவர்களிடம் காட்டுங்கள்.

படி 5: வானொலியும் பாதுகாப்புப் படகும்

கடலில் பேசப் பயன்படும் விஎச்எஃப் வானொலி ஏறக்குறைய நேர்பார்வைத் தூரம்தான் எட்டும். 5 வாட் கைக்கருவி இரண்டு கயாக்குகளுக்கிடையே 2, 3 கடல் மைலுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. கரை நிலையத்தை உயரமான இடத்தில் வையுங்கள். சேனல் 16 அவசரத்துக்கும் அழைப்புக்கும் மட்டும்; போட்டிப் பேச்சுக்கு அனுமதிக்கப்பட்ட வேறு சேனல். படகு குறைந்தது இரண்டு, 15 முதல் 20 கயாக்குக்கு ஒன்று என்பது நல்ல அளவு. ஒரு படகு ஒருவரை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனால், மற்றவர்களுக்குக் கடலில் இன்னொன்று இருக்க வேண்டும். துறைமுக அலுவலகத்துக்கும் கடலோரக் காவலுக்கும் நேரம், எல்லை, ஆள் எண்ணிக்கை எழுத்தில் போகட்டும்.

படி 6: ரத்து அளவை முன்பே எழுதுங்கள்

தொடர் காற்று 12 நாட், திடீர் வீச்சு 18 நாட், இறங்குதுறையில் உடையும் அலை 1 மீட்டர், பார்வைத் தூரம் 1 கடல் மைல்: முதல் மூன்றில் ஏதாவது மிஞ்சினாலோ கடைசி குறைந்தாலோ போட்டி இல்லை. இடி கேட்டால் கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது. முந்தின இரவும் விடியலிலும் இரண்டு முறை முடிவெடுங்கள். மாற்று நாள் ஒன்றைக் கட்டாயம் அறிவியுங்கள். மாற்று நாள் இல்லாத குழு, கடல் எப்படி இருந்தாலும் நடத்தவே பார்க்கும்.

படி 7: ஆள் கணக்கு

எண் பொறித்த வில்லையை இறங்கும்போது ஒவ்வொருவரும் பலகையில் மாட்ட வேண்டும், கரையேறியதும் தானே எடுக்க வேண்டும். பிறர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முடிவு நேரத்தைக் கரையேறும் நேரமாக வைக்காமல் தூண்டில் எடுக்கும் நேரமாக வையுங்கள். அப்போது யாரும் அவசரப்பட்டு அலைக்குள் பாயமாட்டார்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பலகை காலியாக வேண்டும்.

காலியாகவில்லை என்றால் உடனே வானொலியிலும் கைபேசியிலும் அழையுங்கள், மாற்றுக் கரைகளில் ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 15 நிமிடத்தில் தகவல் இல்லையென்றால் கடலோரக் காவலுக்குச் சொல்லுங்கள். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' வேண்டாம், ஆள் கிடைத்துவிட்டால் அழைப்பை ரத்து செய்துகொள்ளலாம். அழைக்கும்போது கயாக்கின் நிறம், லைஃப் ஜாக்கெட்டின் நிறம், கடைசியாகப் பார்த்த இடத்தின் எண்கள், பார்த்த நேரம், அப்போது வீசிய காற்றின் திசை ஆகிய ஐந்தும் கையில் இருக்க வேண்டும். பதிவுப் படிவத்திலேயே இரண்டு நிறங்களையும் கேட்டு வாங்கி, பலகையில் எண்ணுக்கு எதிரே எழுதிவையுங்கள்.