கடல் உயிரியலைக் கற்கத் தொடங்குவது எப்படி

கடல் உயிரியல் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் திமிங்கிலமும் ஓங்கிலும் (டால்பின்)தான் முதலில் தோன்றுகின்றன. அந்த ஆர்வத்தில் தவறில்லை. ஆனால் புதிதாகக் கற்க வருபவர் அங்கிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பெரிய விலங்குகளை நாம் எப்போதாவது, தொலைவிலிருந்து, சில நொடிகள் மட்டுமே காண்கிறோம். கேள்வி கேட்டு விடை தேடும் அளவுக்கு அவை நம் முன் நிற்பதில்லை. கரையோரப் பாறையில் ஒட்டியிருக்கும் உயிர்களோ நாளையும் அதே இடத்தில் இருக்கும். ஒரு பாறை, ஒரு சிறு வலை, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் இருந்தால் இந்த அறிவியலின் அடிப்படைகளில் பலவற்றை நேரில் கண்டே கற்றுக்கொள்ளலாம்.

உயிர்களைப் பார்ப்பதற்கு முன், அவை வாழும் நீரைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. சூரிய ஒளியில் சிவப்பு நிறமே முதலில் உறிஞ்சப்படுகிறது. ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி கிடைப்பதில்லை. ஆழ்கடல் இறால்கள் பல சிவப்பாக இருப்பதற்கான காரணம் இப்போது விளங்கும்: சிவப்பு ஒளி எட்டாத இடத்தில் சிவந்த உடல் கறுப்பாகவே தெரியும், அதனால் எதிரியின் கண்ணில் படாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. நீர் உடலைத் தாங்குகிறது. உணவையும் மிதக்க வைத்துச் சுமந்து வருகிறது. ஆகவே, நிலத்தில் பெரும்பாலான விலங்குகள் இரையைத் தேடி அலைய வேண்டியிருக்க, கடலில் ஒரு விலங்கு தன் வாழ்நாள் முழுவதும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, வருவதை வடிகட்டித் தின்றே வாழ்ந்துவிட முடிகிறது.

அப்படிப்பட்ட விலங்கைக் காணத் தாழ் ஓதம், அதாவது கடல்நீர் மிகவும் வற்றியிருக்கும் வேளை, ஏற்றது. பெரும்பாலான கரைகளில் இரண்டு தாழ் ஓதங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிட இடைவெளி இருக்கும். எனவே ஒவ்வொரு நாளும் அந்த வேளை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிகத் தொலைவு உள்வாங்குவதால், மற்ற நாள்களில் மூழ்கியே கிடக்கும் பாறைகளும் வெளிப்படும். அந்தக் கரைக்கு வெளியிடப்படும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் முழுவதும் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்; நீர் மீண்டும் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், அலைக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள், ஏனெனில் அதன் அடியில் நிழலையும் ஈரத்தையும் நம்பி வாழும் உயிர்கள் வெயிலில் சில மணி நேரத்திலேயே மடிந்துவிடும். கூம்பு வடிவச் சங்குகளையும், கரை ஒதுங்கிய சொறிமீன்களையும் கையால் தொடக்கூடாது. முந்தையவற்றில் சில இனங்களின் நஞ்சு மனித உயிரைப் பறிக்கவல்லது. பிந்தையவற்றின் கொட்டும் செல்கள் அவை இறந்த பிறகும் வேலை செய்யும்.

பாறையில் வெண்மையான சிறு கூம்புகள் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். இவை கொட்டலசுகள். வெயிலில் அவை கல்லைப் போலவே அசைவற்றிருக்கும். நீர் தேங்கிய குழி ஒன்றில் மூழ்கியிருப்பவற்றின் அருகே, உங்கள் நிழல் விழாதபடி அமர்ந்து, சில நிமிடங்கள் அசையாமல் பாருங்கள். கூம்பின் உச்சியில் உள்ள சிறு கதவுத் தகடுகள் விலகும், உள்ளிருந்து இறகு போன்ற கால்கள் விசிறியாக விரிந்து நீரைத் துழாவி, சட்டென்று உள்ளே சுருண்டுகொள்ளும், மீண்டும் விரியும். தலைப்பக்கத்தைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு கால்களால் உணவை வாரி உண்ணும் இந்த உயிர் நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. ஓட்டை மட்டும் பார்த்தவர்கள் இதை நெடுங்காலம் சிப்பி, நத்தை வகையோடு சேர்த்திருந்தார்கள். ஜான் வாகன் தாம்சன் என்ற இராணுவ மருத்துவர் இதன் இளவுயிரிகள் வளர்வதைக் கவனித்த பிறகே, 1830இல் உண்மை வெளிப்பட்டது. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்த ஒரு கூட்டத்தையே ஆராய்ந்தார் என்பதை, சிறிய உயிர்களைப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறோமோ என்று ஐயப்படுகிற ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளலாம்.

அடுத்து, கேள்வி கேட்கப் பழக வேண்டும். பாறையை மேலிருந்து கீழாகப் பாருங்கள்: ஒரு வகைக் கொட்டலசு மேற்பட்டையிலும், வேறொன்று அதற்குக் கீழும், மட்டிகளும் பாசிகளும் இன்னும் கீழும் என்று அடுக்கடுக்காக இருக்கக்கூடும். இது இங்கே இருக்கிறது, ஏன் ஒரு முழம் கீழே இல்லை? ஜோசப் கானெல் என்ற சூழலியலாளர் ஸ்காட்லாந்துக் கரையில் இதே கேள்வியைக் கேட்டு, 1961இல் விடையை வெளியிட்டார். மேற்பட்டையில் வாழும் சிறிய இனம் கீழேயும் நன்றாகவே வாழக்கூடியது. ஆனால் அங்கே வேகமாக வளரும் பெரிய இனம் அதை நெருக்கி, மூடி, பாறையிலிருந்து பெயர்த்துவிடுகிறது. அந்தப் பெரிய இனத்தால் மேற்பட்டையின் வறட்சியைத் தாங்க முடிவதில்லை. இதைக் கண்டறிய அவருக்குப் பெருங்கருவிகள் தேவைப்படவில்லை. சில கற்களில் பெரிய இனத்தை அகற்றிவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டு, பல மாதங்கள் திரும்பத் திரும்ப வந்து எண்ணினார்.

நீங்களும் எண்ணத் தொடங்குங்கள். பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் உள்ள சதுரச் சட்டம் ஒன்றை மரத்திலோ பிளாஸ்டிக் குழாயிலோ செய்துகொள்ளுங்கள். பாறையில் மூன்று நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சட்டத்தை வைத்து, உள்ளே இருப்பவற்றைப் படம் எடுத்து, எண்ணி எழுதுங்கள். நாள், நேரம், ஓத நிலை, நீரின் வெப்பநிலை ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஒரு படம் வரைந்து, ‘பழுப்பு நத்தை, இரண்டு வரி’ என்று எழுதினால் போதும். ‘நிறைய இருந்தன’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஓராண்டு கழித்து அந்தச் சொல்லால் ஒரு பயனும் இராது. எதையும் அகற்றிப் பார்க்கும் சோதனை உங்களுக்கு வேண்டாம்; அது முறையான அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை. ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் 1960களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து அகற்றிவந்தபோது, அவற்றின் இரையான மட்டிகள் பெருகிப் பரவின. அங்கே வாழ்ந்த 15 இனங்கள் 8ஆகக் குறைந்தன. எண்ணிக்கையில் சிறியதாயினும் மற்றவற்றையெல்லாம் நிலைநிறுத்தும் உயிர்களுக்குக் கீஸ்டோன் இனம் என்று அவர் 1969இல் பெயரிட்டார். முன்னும் பின்னும் எண்ணி வைத்திருந்ததால்தான் அது அவருக்குத் தெரிந்தது.

பாறை பழகிய பிறகு நீருக்குள் மிதப்பவற்றைப் பாருங்கள். பழைய நைலான் காலுறை ஒன்றின் வாயை வளையக் கம்பியில் கட்டி, மறுமுனையை வெட்டி ஒரு சிறு புட்டியைப் பொருத்தினால் வலை தயார். அதைக் கயிற்றில் கட்டி, படகுத்துறையின் ஓரமாக நீரில் ஐந்து நிமிடம் மெதுவாக இழுத்து நடங்கள். புட்டியில் சேர்ந்த நீர் வெறும் கலங்கல் போலத்தான் இருக்கும். அதில் ஒரு துளியை 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் வைத்தால் காட்சி மாறிவிடும். நீண்ட உணர்கொம்புகளும் ஒற்றைக் கண்ணும் கொண்ட கோபெபாடுகள் என்னும், இறாலுக்கு உறவான நுண்ணுயிர்கள் துள்ளித் துள்ளி நகரும். தலையில் முள் நீட்டிய நண்டின் இளவுயிரி கடந்து போகும். மூன்று இணைக் கால்களால் நீந்தும் முக்கோணம் போன்ற ஒன்று தென்பட்டால், அது பெரும்பாலும் பாறையில் நீங்கள் பார்த்த கொட்டலசின் குழந்தைப் பருவம். இன்னும் பெரிதாக்கினால், கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் டயட்டம் பாசிகள் தெரியும். பார்த்து முடித்ததும், நீர் சூடாகும் முன்பே அவற்றைக் கடலில் விட்டுவிடுங்கள்.

கடல் நமக்கு ஏன் முக்கியம் என்ற கேள்விக்கு அந்தத் துளியை வைத்தே விடை சொல்லலாம். உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியைக் கடலின் மிதவைப் பாசிகளும் நுண்ணுயிரிகளும் செய்கின்றன. இதை வைத்து ‘நாம் இழுக்கும் இரண்டு மூச்சில் ஒன்று கடல் தந்தது’ என்று பலரும் எழுதுகிறார்கள். அதைச் சற்றுத் திருத்திப் புரிந்துகொள்வது நல்லது: கடலில் இன்று உண்டாகும் ஆக்சிஜனில் பெரும்பகுதி கடலின் உயிர்களாலேயே செலவாகிறது; காற்றில் உள்ள இருப்பு கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. உடனடியாக நம்மைத் தொடுபவை வேறு. மனிதச் செயல்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உள்வாங்குகிறது. புவி வெப்பமடைவதால் கூடிய வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலிலேயே சேர்ந்துள்ளது. இதற்கான விலையைக் கடல்வாழ் உயிர்கள் கொடுக்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடியதைக் காட்டும் எண்) இன்று 8.1க்கு அருகே இறங்கியுள்ளது. எண் சிறிதாகத் தெரிந்தாலும், இந்த அளவுகோல் மடக்கை முறையில் அமைந்ததால், அமிலத்தன்மை கால் பங்குக்கும் மேல் கூடியுள்ளது என்பதே இதன் பொருள். சுண்ணாம்பு ஓடு கட்டும் சிப்பி இளவுயிரிகளும் பவளங்களும் அதே ஓட்டைக் கட்டக் கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. கடல் தரையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பரப்பில் உள்ள பவளப்பாறைகள் அறியப்பட்ட கடல் இனங்களில் ஏறத்தாழ கால் பங்குக்கு இடம் தருவதால், அங்கே ஏற்படும் இழப்பு அங்கேயே நின்றுவிடுவதில்லை. உணவைப் பொறுத்தவரை, 300 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தாம் உண்ணும் விலங்குப் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மீன் முதலிய நீர்வாழ் உயிர்களிலிருந்து பெறுகிறார்கள். ஆனால் மதிப்பிடப்பட்ட மீன்வளங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அளவு மீறிப் பிடிக்கப்படுகிறது.

கல்லூரியில் இதைப் படிக்க விரும்புவோர் விலங்கியலோடு வேதியியலையும் புள்ளியியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நீச்சலைவிடப் புள்ளியியல்தான் அன்றாடம் கைகொடுக்கும். கடலுக்குத் தொலைவில் வாழ்பவர்களும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை: கடல் நீரின் நிறத்தைக் கொண்டு மிதவைப் பாசியின் அளவைக் காட்டும் செயற்கைக்கோள் படங்களை நாசா இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரே கடற்பகுதியின் படத்தை மாதந்தோறும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்தப் பருவத்தில் பாசி பெருகுகிறது என்பது தெரியும். கரையில் எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடம், நாள் குறிப்போடு பதிவேற்றினால், பெயர் அறிந்தவர்கள் அடையாளம் காட்டுவார்கள். கிடைத்த அறிவியல் பெயரை நோட்டில் பழைய குறிப்புக்கு அருகிலேயே எழுதுங்கள். ‘பழுப்பு நத்தை, இரண்டு வரி’ என்பதை அடித்துவிடாதீர்கள். பின்னாளில் அடையாளம் தவறென்று தெரியவந்தால், அன்று நீங்கள் உண்மையில் கண்டது என்ன என்பதற்கு அந்த வரிதான் சான்று.