மெரினாவிலிருந்து ஆழியாறு வரை: 'காதலிக்க நேரமில்லை' எடுத்த இடங்களைப் பார்க்க வருவோருக்கு

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கோயில், கல்யாணம், ஜவுளிக்கடை என்று நாட்கள் ஓடிவிடும். அதில் மூன்று நாட்களைத் தனியாக ஒதுக்கி, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு 'காதலிக்க நேரமில்லை' எடுத்த இடங்களுக்குப் போய்வாருங்கள். ஸ்ரீதர் இயக்கி 1964-இல் வண்ணத்தில் வந்த படம். அதைக் கொட்டகையில் பார்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்கள் கூட வந்தால் அங்கே வழிகாட்டியே வேண்டாம். இந்தப் பயணத்தை அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் படத்தில் தனி உரிமை உண்டு. நாயகன் ரவிச்சந்திரன் மலேசியாவில் பிறந்து, படிப்புக்காகத் திருச்சிக்கு வந்தவர். அவருக்கு இதுதான் முதல் படம். விமானப் பணிப்பெண்ணாக இருந்த காஞ்சனா நாயகியானதும் இதில்தான்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் ராத்திரி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ் சரியாகப் புரியாத பிள்ளைகள் இருந்தால், நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை முதலில் போடுங்கள். பாலையாவின் முகத்தைப் பார்த்தாலே போதும், மீதிப் படத்துக்கும் பிள்ளைகள் தானாக உட்கார்ந்துவிடுவார்கள்.

முதல் இடம் சென்னை மெரினா. 'என்ன பார்வை உந்தன் பார்வை' பாட்டு இந்தக் கடற்கரையில் எடுத்தது. காலை ஆறு மணிக்கெல்லாம் மணலில் இருப்பது மாதிரி கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள், கடலை அல்ல. பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கி நடந்துவிடலாம்.

அங்கே நின்று, படத்தில் இருந்த மெரினாவில் எது இன்னும் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். உழைப்பாளர் சிலை அப்போதே இருந்தது, அது 1959-இல் வைத்தது. காமராசர் சாலையின் மறுபக்கம் மாநிலக் கல்லூரியும் விவேகானந்தர் இல்லமும் அதைவிடப் பழையவை. இப்போது நாம் மெரினா என்றதும் நினைக்கிற மற்றவை பெரும்பாலும் பிறகு வந்தவை. கண்ணகி, ஔவையார் சிலைகள் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்தவை. அண்ணா நினைவிடம் 1969-க்குப் பிறகு. சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கலங்கரை விளக்கம்கூட எழுபதுகளில் கட்டியதுதான். அந்தப் பாட்டை எடுத்தபோது வடக்குப் பக்கம் நினைவிடம் ஏதுமில்லாத வெறும் மணல்வெளி. இதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் மணலில் நடக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் திறந்த மரப்பாதை சாலையிலிருந்து கடலுக்கு அருகே வரை போகிறது, சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போகலாம். அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே நீரோட்டம் பொல்லாதது, குளிப்பது ஆபத்து. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் சாயங்காலத்துச் சமாச்சாரம், அதற்கு வேண்டுமானால் இன்னொரு தடவை வாருங்கள்.

மெரினாவுக்குப் படத்தோடு இன்னொரு உறவும் உண்டு. ஸ்ரீதரும் அவருடைய நண்பர் கோபுவும் கதை பேச உட்கார்ந்ததும் இந்தக் கடற்கரையில்தான். சோகப் படங்களாக எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் ஒரு முழுநீள நகைச்சுவைப் படம் எடுக்கத் துணிந்தார் என்றால், இந்தக் கடற்காற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றும்.

அப்புறம் ஆழியாறு. என்னைக் கேட்டால், பயணத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. படத்தில் பாலையாவின் ஊர் 'சின்னமலை'. அந்தப் பெயரை வரைபடத்தில் தேடாதீர்கள், அது கதைக்காக வைத்த பெயர். பார்க்க வேண்டியது பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையில், இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் ஆழியாறு அணையும் அதன் விருந்தினர் மாளிகையும்தான். வேலை போன ரவிச்சந்திரன் முதலாளி வீட்டுக்கு எதிரே கூடாரம் போட்டு, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று பாடி ஆடுவது இங்கே.

சென்னையிலிருந்து வர, ராத்திரி கிளம்பும் பாலக்காடு விரைவு ரயில் பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கே வருகிறது. பகலில் வர விரும்பினால் வந்தே பாரத்தில் கோவை வரை வந்துவிடுங்கள், ஏறக்குறைய ஆறு மணி நேரம். கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கும், சுமார் நாற்பது கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் கோவைக்கே நேரடி விமானம் இருப்பதால், சிலருக்குப் பயணத்தை இங்கே தொடங்கிச் சென்னையில் முடிப்பது வசதி. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் திறக்கும். வெளிநாட்டு எண்ணை வைத்துக்கொண்டு திண்டாடாமல், இங்கே இருக்கும் உறவினர் ஒருவரிடம் சொல்லி அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைப் பேருந்தில் ஏறி ஆழியாறில் இறங்கலாம். பெரியவர்களோடு வந்தால் அரை நாளுக்கு ஒரு கார் பேசிக்கொள்வதே நல்லது. விருந்தினர் மாளிகை அரசு இடம், காசு கொடுத்துப் பார்க்கும் காட்சிக்கூடம் அல்ல. அதிகாரிகள் தங்கியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள். காவலரிடம், "அண்ணா, பழைய படம் எடுத்த இடம், அப்பா பார்க்கணும்னு ஆசைப்படறார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். விடவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம், வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். டிரோனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவே தடை இருக்கிறது, அணைப் பக்கம் பறக்கவிட்டால் வம்பு வேறு.

அணைக்குக் கீழே பூங்கா, மேலே ஏறினால் நீர், நீருக்கு அப்பால் ஆனைமலைத் தொடர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் மலை பச்சையாக, உச்சியில் மேகம் இறங்கி நிற்கும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, நல்ல மழை வருஷத்தில் தண்ணீர் அதைத் தொட்டுவிடும். கனடா, ஐரோப்பாவிலிருந்து கோடை விடுமுறையில் வருகிறவர்களுக்கு இது சரியான காலம். டிசம்பரில் வந்தால் வானம் தெளிவாக இருக்கும், நடக்க இதமாகவும் இருக்கும்.

மதியச் சாப்பாட்டைப் பொள்ளாச்சியில் முடித்துவிட்டு வராதீர்கள். அணை அருகே சாலையோரக் கடைகளில் மீனை உங்கள் கண் முன்னாலேயே மசாலா தடவி எண்ணெயில் போடுவார்கள். ஓரம் முறுகி, மசாலா கருஞ்சிவப்பாகும்போது எடுத்து, வெங்காயமும் எலுமிச்சையும் வைத்துத் தருவார்கள். முள்ளைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுங்கள். வழியில் பொள்ளாச்சி இளநீர் குடிக்காமல் வந்தால் வந்ததே வீண். சில்லறைக்கு ஐம்பதும் நூறுமாகத் தாள் வைத்திருங்கள். ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் வசதி எல்லாக் கடையிலும் உண்டு, வெளிநாட்டு வங்கிக் கணக்கு அதில் ஓடாது.

நேரம் மீதி இருந்தால் கவியருவி பக்கத்தில்தான். குரங்கு அருவி என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போக வேண்டும், பிளாஸ்டிக் பைகளை அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளம் வந்தால் அருவியை மூடிவிடுவதால், முதலில் சாவடியில் விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் ஆழியாறோடு திரும்பிவிடுவதே மேல். போவதாக முடிவு செய்தால் இ-பாஸ் வேண்டுமா என்று முந்தின நாளே பார்த்துவிட்டு, காலையில் சீக்கிரம் ஏறி, இருட்டுவதற்கு முன் கீழே இறங்கிவிடுங்கள். அந்தச் சாலையில் ராத்திரி யானை நடமாட்டம் உண்டு.