பழைய டிரக்டரின் பவர் ஸ்டேரிங்: பம்ப்பைக் கடைசியில் பாருங்கள்

ஸ்டேரிங் கனத்தாலும் ஆடினாலும் நம் பக்கம் முதலில் வருகிற பதில் "பம்ப் போய்விட்டது" என்பதுதான். வெலிமடை, கந்தப்பளை, ராகலை பக்கம் கிழங்கும் மரக்கறியும் இழுக்கிற பழைய மெஸி பெர்குசனாக இருந்தாலும், தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற வண்டியாக இருந்தாலும் இதே பதில்தான். கொழும்பு பஞ்சிகாவத்தை வரை போய் ஒரு பம்ப் வாங்கி வந்து மாட்டுவார்கள். கனம் கொஞ்சம் குறையும், ஆட்டம் அப்படியே இருக்கும். பம்ப் கொடுப்பது பலம் மட்டும். ஆட்டம் பெரும்பாலும் தேய்ந்த மூட்டுகளில்தான் பிறக்கிறது. அதனால் செலவு குறைந்த இடத்தில் தொடங்குவோம், பம்ப்புக்குக் கடைசியில் வருவோம்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள்

ஸ்டேரிங் கம்பத்துக்குக் கீழே கியர் பொக்ஸ் இருந்து, அதிலிருந்து இரும்புத் தண்டுகள் முன் சில்லுகளுக்குப் போய், கூடவே ஒரு ஹைட்ரோலிக் சிலிண்டர் தள்ளிக்கொடுத்தால் அது உதவி வகை. எஞ்சின் நின்றாலும் பலத்தைப் போட்டுத் திருப்பலாம்.

கம்பத்தின் அடியிலிருந்து ஹோஸ்கள் மட்டும் சிலிண்டருக்குப் போனால் அது முழு ஹைட்ரோலிக் வகை. இதில் ஸ்டேரிங் வீலுக்கும் சில்லுக்கும் இடையில் இரும்புத் தொடர்பே கிடையாது, எண்ணெய்தான் எல்லாம். இந்த வகையில் ஹோஸ் வெடித்தால் வண்டியைத் திருப்ப வழியில்லை. வெடிப்பு விழுந்த ஹோஸை "இந்தப் போகம் முடியட்டும்" என்று விட்டுவைக்காதீர்கள். நம் சாலைகளின் கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது.

வேலைக்கு முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். லயத்துக்குப் பக்கத்துச் சரிவில், கல் வைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஜெக் அடிக்க வேண்டாம். ட்ரெய்லரைக் கழற்றி, பின் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். முன் அக்ஸலை உயர்த்தினால் கீழே ஸ்டாண்ட் கட்டாயம்.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது எண்ணெய்க் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளையிலிருந்து அழுத்தத்தோடு வருகிற எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிடும். காயம் சின்னதாகத் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் கையையே இழக்கலாம். அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் உள்ளே பாய்ந்தது என்று சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு துண்டு அட்டைப்பெட்டி போதும்.

படி 1: ஆட்டம் எங்கே?

இந்த ஒரு படிக்கு நிறைய நேரம் கொடுங்கள். பாதிக்கு மேற்பட்ட பழைய வண்டிகளின் விடை இங்கேயே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

உதவிக்கு ஒருவரை ஏற்றி, ஸ்டேரிங் வீலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லுங்கள். உதவி வகை என்றால் எஞ்சினை நிறுத்தியே செய்யலாம். முழு ஹைட்ரோலிக் என்றால் எஞ்சின் ஐட்லிங்கில் ஓட வேண்டும். அப்போது கையை உள்ளே விடாமல், சில்லுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நிற்காமல், தள்ளி நின்று கண்ணால் மட்டும் பாருங்கள்.

ஒரு தண்டு அசைந்தும் அதோடு பூட்டிய ஆர்ம் அசையாமல் நின்றால், இடையிலுள்ள போல் ஜொயின்ட் (குண்டு மூட்டு) தேய்ந்திருக்கிறது. ரப்பர் உறை கிழிந்து உள்ளே சேறு போன ஜொயின்ட் அநேகமாகப் போன ஜொயின்ட்தான். மழைக்காலத்துத் தோட்டப் பாதையில் ஓடுகிற வண்டிக்கு இது சீக்கிரமே வரும். தண்டுகள் முடிந்ததும் ஸ்டேரிங் ஆர்ம் நட்டுகள், அக்ஸலின் நடுப் பின் ஆகியவற்றையும் பாருங்கள்.

பிறகு முன்பக்கத்தை உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஸ்டப் அக்ஸல் (சில்லு மாட்டியிருக்கிற குட்டை அச்சு) அசையாமல் சில்லு மட்டும் ஆடினால் பெயரிங். ஸ்டப் அக்ஸலும் சேர்ந்து ஆடினால் கிங் பின் புஷ், அதாவது சில்லு இடம் வலம் திரும்புகிற நிமிர்ந்த பின்னைச் சுற்றியுள்ள உறை.

ஸ்டேரிங் வீலின் விளிம்பில் ஓரிரு அங்குலம் ஆட்டம் பழைய வண்டியில் சாதாரணம். அதற்கு மேல் போனால் விடாதீர்கள். பவர் ஸ்டேரிங் இந்தத் தேய்மானத்தை மறைத்துவிடும். கைக்குக் கனம் தெரியாததால், ஜொயின்ட் கழன்று விழுகிற நிலைக்கு வரும்வரை சாரதிக்குத் தெரிவதில்லை.

படி 2: எண்ணெய்

பவர் ஸ்டேரிங் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் பம்ப்புக்குப் போகிற உறிஞ்சு ஹோஸில் எங்கோ காற்று நுழைகிறது, கிளிப்பை இறுக்கினாலே சரியாகலாம். முனகல் சத்தத்துக்கும் இதுவே காரணமாக இருக்கும், அல்லது அடைத்த ஃபில்டர். நுவரெலியா குளிரில் காலையில் மட்டும் கொஞ்ச நேரம் கனத்து, பிறகு சரியானால் எண்ணெய் தடித்திருக்கிறது. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

வண்டியின் கைநூல் சொல்கிற எண்ணெயையே ஊற்றுங்கள். பிரேக் ஒயில் மட்டும் ஒருபோதும் வேண்டாம், சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். பம்ப் பெல்ட்டில் ஓடுகிறது என்றால் பெல்ட் தளர்ச்சியையும் பார்த்துவிடுங்கள்.

படி 3: கனம் எங்கிருந்து?

முன் சில்லுகள் தரையில் படாமல் உயர்ந்திருக்கும்போதும் கனமாகத் திரும்பினால், கிங் பின் இறுகியிருக்கிறது அல்லது ஸ்டேரிங் பொக்ஸில் கோளாறு. கிரீஸ் அடித்துப் பாருங்கள். அந்தரத்தில் லேசாகவும் தரையில் கனமாகவும் இருந்தால் முதலில் டயர் காற்று, அப்புறம் ஹைட்ரோலிக்.

மெதுவாகத் திருப்பும்போது சரியாக இருந்து, வேகமாகத் திருப்பும்போது மட்டும் கனத்தால் பம்ப் போதிய எண்ணெய் அனுப்பவில்லை. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் சிலிண்டரையோ வால்வையோ சந்தேகப்படுங்கள். முழு ஹைட்ரோலிக் வகையில், சில்லு எல்லை வரை திரும்பிய பிறகும் ஸ்டேரிங் வீல் லேசாகச் சுற்றிக்கொண்டே போனால், சிலிண்டரின் உள் சீல் அல்லது ஸ்டேரிங் கம்பத்தின் அடியிலுள்ள ஹைட்ரோலிக் யூனிட் தேய்ந்திருக்கிறது.

பாரம் ஏற்றிய ட்ரெய்லரோடு ஏற்றத்தில் மட்டும் ஸ்டேரிங் பஞ்சாகிவிடுகிறது என்றால், அது பழுதே இல்லை. முன் அக்ஸல் தூக்குகிறது. பாரத்தைக் குறையுங்கள், முன் வெயிட் போடுங்கள்.

படி 4: சிலிண்டர் சோதனை

சில்லுகளை ஒரு பக்க எல்லை வரை திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். சிலிண்டரில் அப்போது எண்ணெய் திரும்பி வருகிற பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையை இரும்பு மூடியால் இறுக்கி அடையுங்கள். திறந்த துளைக்குக் கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். எஞ்சினைப் போட்டு, அதே பக்கமாகச் சில விநாடி மட்டும் ஸ்டேரிங்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மறுபக்கம் திருப்பவே கூடாது. துளையிலிருந்து எண்ணெய் விடாமல் வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது.

வரவில்லையென்றால் இப்போதுதான் பம்ப்பின் முறை. பிரஷர் கேஜ் உள்ள கராஜில் அளந்து, கைநூலின் அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். குறைவாக இருந்தாலும் ரிலீஃப் வால்வில் (அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடுகிற வால்வு) அழுக்குச் சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பம்ப்பை மாற்றுங்கள்.

சரிசெய்வது

போல் ஜொயின்ட்டை நீங்களே மாற்றலாம். ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்தி, ஆர்மின் கண்ணின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால் ஜொயின்ட் விட்டுவிடும். மரைமேல் அடிக்க வேண்டாம். பழையதைச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றுங்கள். புது ஸ்பிலிட் பின் போடுங்கள். பிறகு சில்லு மையத்தின் உயரத்தில், இரண்டு சில்லுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளங்கள். பல பழைய வண்டிகளில் முன் அளவு 0 முதல் 6 மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்கும், உங்கள் வண்டியின் கைநூலே முடிவு.

கிங் பின் புஷ்ஷை லெத் பட்டறையில் கொடுத்து அளவாக்குவதே நல்லது. புஷ்ஷின் துளை கிரீஸ் துளைக்கு நேராக நிற்கிறதா என்று மட்டும் நீங்கள் நின்று பாருங்கள்.

சிலிண்டர் சீலுக்குக் கடைக்குப் போகும்போது பழைய சீலை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது ஊதியோ சுருங்கியோ இருக்கும். தண்டின் விட்டத்தையும் சீல் உட்காரும் பள்ளத்தையும் வேர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தண்டின் பளபளப்பில் துருக்குழி இருந்தால் புது சீலையும் அது அறுத்துவிடும், தண்டையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். சீலை எண்ணெயில் நனைத்து, உதடு அழுத்தம் வருகிற பக்கம் பார்க்கும்படி போடுங்கள்.

காற்று எடுப்பது

எண்ணெய் நிரப்பி, முன் சில்லுகள் உயர்ந்த நிலையில், எஞ்சின் போடாமல் எல்லைக்கு எல்லை மெதுவாகப் பல முறை திருப்புங்கள். இறுகி நின்றால் பலாத்காரம் வேண்டாம். பிறகு ஐட்லிங்கில் அதையே செய்யுங்கள், எல்லையில் அழுத்திப் பிடிக்க வேண்டாம். அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள், குமிழி நின்றால் காற்று போய்விட்டது.

முதல் ஓட்டம் ட்ரெய்லர் இல்லாமல், சமதரையில். ஒரு நாள் வேலை முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பெனர் போட்டு இறுக்கிப் பார்த்து, எண்ணெய் அளவையும் பார்த்த பிறகு பாரம் ஏற்றுங்கள்.